அருவியை வாடகைக்கு விட்ட நாடு

நீர்மின் உற்பத்தியில் எந்த நாடு முதலிடம், எந்த அணை பெரிது என்ற பட்டியல்கள் பள்ளிப் பாடநூல்களிலிருந்து பொது அறிவுப் புத்தகங்கள் வரை எங்கும் கிடைக்கின்றன. சீனாவின் முப்பள்ளத்தாக்கு அணை 22,500 மெகாவாட். பிரேசிலும் பராகுவேயும் பகிர்ந்துகொள்ளும் இதாய்ப்பு அணை 14,000 மெகாவாட். ஆகவே முதலாவது பெரியது, இரண்டாவது சிறியது. மனப்பாடம் செய்ய எளிது.

ஆனால் மெகாவாட் என்பது இயந்திரத்தின் திறன் மட்டுமே. அந்த இயந்திரம் ஆண்டில் எத்தனை நாள், எவ்வளவு வேகத்தில் சுழன்றது என்பது ஆற்றைப் பொறுத்தது. 2016-ஆம் ஆண்டில் இதாய்ப்பு 10,310 கோடி யூனிட் மின்சாரம் தந்தது. அதே ஆண்டில் முப்பள்ளத்தாக்கு தந்தது ஏறத்தாழ 9,350 கோடி யூனிட். சிறிய அணை பெரிய அணையை வென்றது. பரானா ஆறு ஆண்டு முழுவதும் ஓரளவு சீராக ஓடுவதும், அதன் மேற்பகுதியில் இருக்கும் பல அணைகள் நீரைத் தேக்கித் தேக்கி அனுப்புவதும் இதற்குக் காரணம். யாங்சியோ பருவமழையின் ஆறு. மேலும் முப்பள்ளத்தாக்கு அணைக்கு வெள்ளத்தைத் தாங்கும் கடமையும் உண்டு. மழைக்காலத்துக்கு முன் நீர்மட்டத்தை 145 மீட்டருக்கு இறக்கி, வெள்ளம் ஓய்ந்த பிறகே 175 மீட்டருக்கு ஏற்றுகிறார்கள். நல்ல மழை பெய்த 2020-இல் அது 11,180 கோடி யூனிட் தந்து உலக சாதனையைத் தன்வசமாக்கிக்கொண்டது. அப்போதும் அதன் இயந்திரங்கள் தம் முழுத் திறனில் சுமார் 57 விழுக்காடே உழைத்திருந்தன. இதாய்ப்பு 2016-இல் உழைத்தது 84 விழுக்காடு.

பட்டியலின் முதல் பிழை இது. இதைத் திருத்திக்கொள்வது எளிது, மெகாவாட்டுக்குப் பதில் யூனிட்டைப் பார்த்தால் போதும். யூனிட்டைப் பார்த்தாலும் தெரியாத ஒன்று உண்டு. அந்த மின்சாரம் யாருடையது? ஆறு ஒரு நாட்டில் ஓடுவதாலேயே அதன் மின்சாரம் அந்நாட்டு மக்களுக்குரியதாகிவிடுவதில்லை. கடந்த நூற்றாண்டின் நீர்மின் வரலாற்றை நாடு நாடாக ஒப்பிட்டுப் படித்தால் அணைகளைவிட ஒப்பந்தங்களே நினைவில் நிற்கின்றன.

நார்வேயிலிருந்து தொடங்குவது பொருத்தம். ஐம்பத்தைந்து லட்சம் மக்கள் வாழும் அந்த நாடு ஆண்டுக்குச் சுமார் 13,500 கோடி யூனிட் மின்சாரத்தை நீரிலிருந்து எடுக்கிறது. நூற்று நாற்பது கோடி மக்கள் கொண்ட இந்தியா நீரிலிருந்து எடுப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நார்வேக்கு வாய்த்த நிலவியல் அப்படி. உயர்ந்த பீடபூமி, அதன் மேல் பனிப்பாறை குடைந்த ஏரிகள், விளிம்பிலிருந்து நேரே கடலை நோக்கி இறங்கும் அருவிகள். பெரிய அணை கட்டித் தேக்க வேண்டிய அவசியம் பல இடங்களில் இல்லை. ஏரியின் வாயைச் சற்று உயர்த்தினால் போதும்.

1905-இல் நார்வே சுவீடனிடமிருந்து பிரிந்து தனி நாடாயிற்று. அதே ஆண்டில்தான் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனமும் பிறந்தது. கிறிஸ்தியான் பிர்க்கலான் என்ற இயற்பியலாளரும் சாம் எய்டே என்ற பொறியாளரும் காற்றிலுள்ள நைட்ரஜனை மின்வில்லால் பிணைத்து உரமாக்கும் முறையைக் கண்டிருந்தனர். அந்த முறைக்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும், அருவிக்கருகே தொழிற்சாலை வைத்தால்தான் கட்டுப்படியாகும். ரியூக்கான் என்ற இருண்ட பள்ளத்தாக்கில், நூறு மீட்டருக்கு மேல் விழும் அருவியைக் குழாயில் அடைத்து, 1911-இல் வெமோர்க் மின்நிலையத்தைத் திறந்தார்கள். அதன் திறன் 108 மெகாவாட், அன்று உலகிலேயே பெரியது. பள்ளத்தாக்கு எவ்வளவு ஆழமானது என்றால், செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை அங்கே வெயில் விழாது. தொழிலாளர்கள் சூரியனைப் பார்த்து வரட்டும் என்று 1928-இல் நிறுவனம் மலையுச்சிக்கு ஒரு கம்பிவட ஊர்தி அமைத்துக் கொடுத்தது. 2013-இல் மலைமேல் பெரிய கண்ணாடிகளை நிறுத்தி ஊர்ச் சதுக்கத்தில் வெயிலைப் பிடித்து விட்டார்கள். (இரண்டாம் உலகப்போரில் கனநீருக்காக நாசவேலை நடந்த வெமோர்க் இதுவேதான். அந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டதால் இங்கே விட்டுவிடுகிறேன்.)

நோர்ஸ்க் ஹைட்ரோவின் முதலீடு பெரும்பாலும் சுவீடனிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தது. மற்ற அருவிகளையும் வெளிநாட்டார் வேகமாக வாங்கிக்கொண்டிருந்தனர். நார்வே சட்டப்படி அருவி நிலத்துக்குச் சொந்தக்காரரான விவசாயிக்கு உரியது. கையில் பணமில்லாத விவசாயிக்கு அருவி என்பது பயிரிட முடியாத ஒரு பாறை. கேட்டவர்க்கு விற்றார். அரசியல் விடுதலை கிடைத்த மறுகணமே நாட்டின் நீர் கைமாறிப் போகிறது என்ற அச்சம் பரவிற்று. 1906-இல் அவசர அவசரமாக ஒரு சட்டம் இயற்றினார்கள், வரலாற்றில் அதற்குப் பெயரே ‘பீதிச் சட்டம்’. அரசின் அனுமதியின்றி வெளிநாட்டவர் அருவி வாங்கக் கூடாது என்றது அது.

அதைத் தொடர்ந்து 1909-லும் 1917-லும் வந்த சட்டங்களே இன்றைய நார்வேயை உருவாக்கின என்று நான் கருதுகிறேன். யோஹான் காஸ்ட்பெர்க் என்ற நீதி அமைச்சரின் பெயர் இவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. சட்டத்தின் சாரம் எளிமையானது. தனியார் அருவியை வாங்கலாம், மின்நிலையம் கட்டலாம், லாபம் ஈட்டலாம். ஆனால் அறுபதிலிருந்து எண்பது ஆண்டுகளுக்குள் வரையறுக்கப்பட்ட காலம் முடிந்ததும் அருவியும், அணையும், சுரங்கக் குழாயும், மின்னாக்கிகளும் எந்த இழப்பீடும் இன்றி அரசைச் சேர்ந்துவிடும். நம் ஊர் வழக்கில் சொன்னால், நிலத்தை விற்காமல் நீண்ட காலக் குத்தகைக்கு விட்டு, குத்தகைக்காரர் கட்டிய வீட்டோடு திரும்ப எடுத்துக்கொள்வது போன்றது. சட்டத்துக்கு முன்பே வாங்கப்பட்ட அருவிகளை இது கட்டுப்படுத்தவில்லை.

எதிர்ப்பு இல்லாமல் போகவில்லை. இது சொத்தைப் பறிப்பது, அரசியலமைப்புக்கு முரணானது என்று வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1918-இல் தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் நால்வர் சட்டம் செல்லும் என்றனர், மூவர் செல்லாது என்றனர். ஒரே ஒரு வாக்கு வேறுபாடு! அந்த ஒருவர் மறுபக்கம் சாய்ந்திருந்தால் நார்வேயின் கதை வேறாக இருந்திருக்கும். பின்னாளில் வடகடலில் எண்ணெய் கிடைத்தபோது அதை நாட்டின் பொதுச்சொத்தாக நடத்தும் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று வியப்பவர்கள் இந்த அருவிச் சட்டங்களைப் படிக்கலாம்.

நூறாண்டு பழைய சட்டத்துக்கு இன்று உயிருண்டா என்ற ஐயம் எழும். 2007-இல் ஐரோப்பிய தடையற்ற வணிகக் கூட்டமைப்பின் நீதிமன்றம், தனியாரிடமிருந்து மட்டும் பறித்து அரசு நிறுவனங்களை விட்டுவைப்பது பாரபட்சம் என்றது. நார்வே பின்வாங்கவில்லை. 2008-இல் சட்டத்தை மாற்றி, பெரிய நீர்மின் நிலையங்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பொதுத்துறையிடமே இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டது. நோர்ஸ்க் ஹைட்ரோவின் ரோல்டால்–சுல்டால் நிலையங்களின் கெடு 2022 இறுதியில் முடிய இருந்தது. அதற்கு முன்பாகவே, 2020-இல், அந்நிறுவனம் அவற்றை நகராட்சிகளுக்குச் சொந்தமான லீசே நிறுவனத்தோடு இணைத்து, பெரும்பான்மைப் பங்கை அதனிடம் கொடுத்துவிட்டுச் சிறுபான்மைப் பங்காளியாகத் தொடர்ந்தது.

இதே காலத்தில் நம் பக்கம் நடந்த ஒன்றை இங்கே வைத்துப் பார்க்கலாம். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மைசூர் அரசு மின்நிலையம் தொடங்கியது. திவான் சேஷாத்ரி ஐயர் திட்டத்துக்கு உயிர் கொடுத்தவர், திறப்பு விழாவைக் காணாமல் 1901-இல் மறைந்தார். மின்சாரம் அருகிலிருந்த ஊர்களுக்குப் போகவில்லை. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய கோலார் தங்கச் சுரங்கங்களுக்குப் போயிற்று. பெங்களூரின் தெருவிளக்குகள் எரிந்தது 1905-இல்தான். சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் போன தமிழர்கள். ஆயினும் நிலையம் மைசூர் அரசின் சொத்தாகவே இருந்தது, நிறுவனம் விலை கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர் மட்டுமே. இந்த வேறுபாடு சிறிதல்ல. கோடையில் காவிரி வற்றினால் சுரங்கம் நின்றுவிடும் என்பது, பாசனத்தோடு சேர்ந்து, கண்ணம்பாடி அணைக்கான காரணங்களில் ஒன்றாயிற்று. 1911-இல் அவ்வணை தொடங்கப்பட்டதும் சென்னை மாகாணம் ஆட்சேபித்தது. 1914-இன் நடுவர் தீர்ப்பும், பின்னர் 1924-இன் ஒப்பந்தமும் அதன் தொடர்ச்சி. காவிரி வழக்கின் கதையைத் தஞ்சை வயல்களிலிருந்து தொடங்குவதே நம் வழக்கம். அதன் ஒரு முனை கோலாரில் சுழன்ற இயந்திரங்களில் இருக்கிறது.

இனி கானா. அகோசோம்போ அணையின் கதையில் துயரமும் நகைமுரணும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. வோல்டா ஆற்றை அகோசோம்போவில் மறிக்கலாம் என்று 1915-லேயே ஆல்பர்ட் கிட்சன் என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் கண்டு சொன்னார். கானாவில் பாக்சைட் உண்டு, அணையின் மின்சாரத்தைக் கொண்டு அதை அலுமினியமாக்கலாம் என்பது கணக்கு. 1957-இல் விடுதலை பெற்ற கானாவின் தலைவர் க்வாமே என்க்ருமா இதைத் தன் கனவாக வரித்துக்கொண்டார். பாக்சைட்டிலிருந்து அலுமினா, அலுமினாவிலிருந்து அலுமினியம், கூடவே மின்சாரம், ஏரியில் மீன், கரையில் பாசனம். ஆப்பிரிக்கா மூலப்பொருள் விற்கும் கண்டமாக இருந்தது போதும் என்பது அவர் எண்ணம்.

கடன் கொடுக்க வந்தவர்கள் ஒரு நிபந்தனை விதித்தார்கள். மின்சாரத்தைத் தொடர்ந்து வாங்க ஒரு பெரிய வாடிக்கையாளர் உறுதிப்பட வேண்டும். அமெரிக்காவின் கைசர் நிறுவனம் முன்வந்தது. கைசர் 90 விழுக்காடும் ரெனால்ட்ஸ் 10 விழுக்காடும் பங்கு கொண்டு வால்கோ என்ற அலுமினிய உருக்காலையைத் தேமா துறைமுகத்தில் அமைத்தன. விலையை அவர்கள் கேட்டபடி எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு யூனிட்டுக்கு அமெரிக்க சென்ட்டில் கால் பங்கைச் சற்றே தாண்டிய தொகை, அதுவும் நீண்ட காலத்துக்கு. வரிச்சலுகைகள் வேறு. கானாவின் பாக்சைட் மண்ணிலேயே கிடந்தது. உருக்காலைக்கு வேண்டிய அலுமினாவைக் கைசர் கப்பலில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, உலோகத்தைக் கப்பலில் ஏற்றிச் சென்றது. நடுவில் கானா தந்தது மின்சாரம் ஒன்றைத்தான். அலுமினியத்தைத் ‘திடமாக்கிய மின்சாரம்’ என்று தொழில்துறையில் சொல்வதுண்டு. அப்படிப் பார்த்தால் வோல்டா ஆறு கட்டிகட்டியாகக் கப்பலேறியது.

1965-இல் என்க்ருமா புதிய காலனியம் பற்றிய தன் நூலை வெளியிட்டார். விடுதலை பெற்ற நாடுகளைப் பன்னாட்டு நிறுவனங்கள் எவ்வாறு ஆள்கின்றன என்பது அதன் பொருள். 1966 ஜனவரி 22 அன்று எட்கர் கைசர் உள்ளிட்ட விருந்தினர் முன்னிலையில் அகோசோம்போவைத் திறந்துவைத்தார். பிப்ரவரி 24 அன்று, அவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது, ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அணையைத் திறந்த பிறகு அவர் ஆட்சியாளராக இருந்தது ஒரு மாதம்தான். உருக்காலை 1967-இல் தொடங்கியபோது அவர் கினியில் அகதி.

அணை எழுப்பிய ஏரி ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் உலகின் மிகப்பெரிய செயற்கை ஏரி அதுவே. எண்பதாயிரம் பேர், எழுநூறுக்கு மேற்பட்ட சிற்றூர்கள். அவர்களை 52 புதிய குடியிருப்புகளில் வைத்தார்கள். அவற்றுள் பலவற்றுக்கு மின்கம்பி போய்ச் சேரப் பல ஆண்டுகளாயின. தேங்கிய நீரில் நத்தைகள் பெருகி, அவற்றின் வழியே கரையோரக் குழந்தைகளுக்கு ஒட்டுண்ணி நோய் பரவிற்று. அணையின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் நெடுங்காலம் வால்கோவுக்கே சென்றது. 1980களின் தொடக்கத்தில் கடும் வறட்சி வந்து, ஏரி வற்றி, உருக்காலையையே நிறுத்த நேர்ந்தது. அதன் பிறகு, 1985-இல், ராலிங்ஸ் அரசு பேச்சு நடத்தி விலையை உயர்த்தியது. ஒப்பந்தம் எழுதி இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

என்க்ருமாவைக் குறை சொல்வது எளிது. அவருடைய கையில் வேறு சீட்டு என்ன இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். 1906-இன் நார்வேயும் ஏழை நாடுதான், புதிதாகப் பிறந்த நாடுதான். ஆனால் அதன் அருவிகளைச் சிறிது சிறிதாக, ஏரியின் வாயை உயர்த்தியும் குழாய் பதித்தும் வளர்க்க முடிந்தது. ஒருவர் நிபந்தனை பிடிக்காமல் போனால் இன்னொருவருக்காகக் காத்திருக்கலாம். வோல்டாவோ ஒரே பேரணை, ஒரே பெருங்கடன், ஒரே வாடிக்கையாளர். கைசர் எழுந்து போயிருந்தால் அணையே இல்லை. இதைக் கைசரும் அறிந்திருந்தார், என்க்ருமாவும் அறிந்திருந்தார்.

பராகுவேயின் கதை இன்னும் விசித்திரமானது. குவாய்ரா அருவிகள் இருந்த எல்லைப் பகுதி யாருடையது என்று பிரேசிலும் பராகுவேயும் 1960களில் மல்லுக்கு நின்றன. 1966-இல் இரண்டும் கூடிப் பேசி, ஆற்றின் மின்சாரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள இசைந்தன. 1973-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சண்டைக்குக் காரணமான நிலம் நீர்த்தேக்கத்தின் அடியில் போய்விட்டது. வழக்கை முடிக்க வழக்குச் சொத்தையே மூழ்கடித்த உபாயம் வேறெங்கும் உண்டா தெரியவில்லை. 1982 அக்டோபரில் தேக்கம் நிரம்பியபோது, நீரளவில் உலகின் மிகப்பெரிய அருவிகளுள் ஒன்றான குவாய்ரா மறைந்தது. விடைபெற வந்த கூட்டம் தாங்காமல் அவ்வாண்டு ஜனவரியில் அங்கிருந்த தொங்குபாலம் அறுந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பிரேசிலின் பெருங்கவிஞர் கார்லோஸ் திரும்மோந்த் தி அந்திராதி அருவிக்கு விடைகொடுத்து எழுதிய கவிதை நாளிதழில் வெளிவந்தது. அப்போது நாட்டை ராணுவம் ஆண்டுகொண்டிருந்தது என்பதை நினைவில் வைத்தே அதைப் படிக்க வேண்டும்.

பாதிப் பாதி என்பது நியாயமாகத்தான் தெரிகிறது. ஒப்பந்தத்தின் நுணுக்கம் வேறிடத்தில் இருந்தது. ஒரு நாடு தன் பங்கில் பயன்படுத்தாத மின்சாரத்தை மற்ற நாட்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். பராகுவே சிறிய நாடு, பெருந்தொழில்கள் இல்லை. அதன் பாதியில் பெரும்பகுதி பிரேசிலின் ஆலைகளுக்குப் போயிற்று. கிடைத்தது சந்தை விலையன்று, ஒப்பந்தம் வகுத்த ஈட்டுத்தொகை. அண்டைநாடான அர்ஜென்டீனாவுக்கு விற்கவும் வழியில்லை. 2009-இல் பெர்னாந்தோ லூகோவும் லூலாவும் பேசி அத்தொகையை ஆண்டுக்கு 12 கோடி டாலரிலிருந்து 36 கோடி டாலராக உயர்த்தினார்கள். அணைக்கான கடன் 2023-இல் தீர்ந்தது. நிதி விதிகளை மறுபரிசீலனை செய்ய ஒப்பந்தம் குறித்திருந்த ஐம்பதாண்டும் அதே ஆண்டில் நிறைவுற்றது. மின்சாரத்தில் மிதக்கும் அந்நாட்டின் கிராமங்களில் இன்னமும் விறகும் கரியும் எரிகின்றன.

நீரில் மூழ்கியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பள்ளத்தாக்கு அணைக்காக இடம்பெயர்ந்தவர்கள் பதின்மூன்று லட்சத்துக்குக் குறையாது. கவிஞர் து ஃபு எட்டாம் நூற்றாண்டில் ஈராண்டு தங்கி நானூறுக்கு மேற்பட்ட கவிதைகள் எழுதிய குய்சோ, இன்றைய ஃபெங்ஜியே, அதன் பழைய நகரம் தேக்கத்துக்காக இடிக்கப்பட்டது. இடிபடும் அந்நகரத்திலேயே ஜியா ஜாங்கே எடுத்த ‘ஸ்டில் லைஃப்’ 2006-இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கத்தைப் பெற்றது. அணையை எதிர்த்து 1989-இல் கட்டுரைத் தொகுப்பு வெளியிட்ட இதழாளர் தாய் சிங் சிறை சென்றார். ஆனாலும் 1992-இல் சீன மக்கள் பேரவையில் வாக்கெடுப்பு நடந்தபோது 177 பேர் எதிர்த்தனர், 664 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினர். கைதூக்கி ஒப்புதல் தருவதையே கடமையாகக் கொண்ட அவையில் அது சாதாரணமில்லை. ஆதரித்தோர் 1,767 பேர். அணை எழுந்தது.

அருவிகளைக் காத்த நார்வேயும் இதில் கறையற்றதல்ல. வடகோடியில் சாமி பழங்குடியினர் கலைமான் மேய்க்கும் நிலத்தில் அல்ட்டா ஆற்றை மறிக்க அரசு திட்டமிட்டபோது, மாசே என்ற அவர்களது ஊர் முழுவதும் நீருக்குள் போக இருந்தது. எதிர்ப்புக்குப் பின் 1973-இல் ஊரை மட்டும் திட்டத்திலிருந்து விலக்கினார்கள். 1979-இல் சாமி இளைஞர்கள் ஓஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் கூடாரமடித்து உண்ணாவிரதம் இருந்தனர். 1981 ஜனவரியில், துருவக் குளிரில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு பாதையை மறித்தவர்களை அறுநூறு காவலர்கள் சென்று அகற்றினர். 1982-இல் உச்சநீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 1987-இல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்தப் போராட்டம் எழுப்பிய கேள்விகளுக்கு விடையாக 1989-இல் சாமி மக்களுக்கென ஒரு நாடாளுமன்றம் அமைந்தது.

அல்ட்டா நிலையத்தின் திறன் 150 மெகாவாட். முப்பள்ளத்தாக்கில் நூற்றைம்பதில் ஒரு பங்கு.